கணிப்பொறிகளை ஒருசீராக வைத்தல் – ஓர் ஒப்பாய்வு



ஒரு கணிப்பொறியைச் சரியாக அமைத்து வைப்பது கடினமான செயலன்று. பொறுமையுள்ள எவரும் ஒரு நாளில் செய்துவிடலாம். எட்டுக் கணிப்பொறிகளை அமைத்து, அவை எட்டும் ஆண்டு முழுவதும் ஒன்றுபோலவே இருக்கும்படி பார்த்துக்கொள்வதுதான் கடினம். கேட்பதற்கு இது சிறு வேலை போலத் தோன்றும். இதில் நேர்ந்த ஒரு விடுபாடு, பெரியதொரு நிறுவனத்தை முக்கால் மணி நேரத்தில் கவிழ்த்த வரலாற்றை முதலில் கூறிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் நைட் கேப்பிடல் என்ற பங்கு வணிக நிறுவனம் இருந்தது. வாடிக்கையாளர் தரும் ஆணைகளைப் பங்குச் சந்தைகளுக்கு அனுப்பும் பணியை அங்கே எட்டு சர்வர்கள் செய்துவந்தன. சர்வர் என்பது பலருக்கும் பணிபுரிவதற்காக இரவு பகல் ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறி. 2012 ஜூலை இறுதியில் இவற்றில் புதிய நிரல் ஒன்றை ஏற்ற வேண்டியிருந்தது. பணியாளர் ஒருவர் ஏழு சர்வர்களில் ஏற்றினார். எட்டாவதில் ஏற்றாமல் விட்டுவிட்டார். இரண்டாமவர் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற எழுத்து மூலமான விதி அங்கே இல்லை. அந்த எட்டாவது சர்வரில், 2003-லேயே பயன்பாட்டிலிருந்து நிறுத்தப்பட்ட ‘பவர் பெக்’ என்னும் பழைய நிரல் துடைக்கப்படாமல் கிடந்தது. புதிய நிரலை எழுப்புவதற்கென்று வைத்த அடையாளமோ, முன்னர் அந்தப் பழைய நிரலை எழுப்பிய அதே அடையாளம்.

ஆகஸ்ட் 1-ஆம் நாள் காலை 9.30 மணிக்குச் சந்தை திறந்தது. ஏழு சர்வர்கள் ஒழுங்காக வேலை செய்தன. எட்டாவதில் பழைய நிரல் உறக்கம் கலைந்து எழுந்து, நிறுத்தமே இல்லாமல் ஆணைகளை அனுப்பத் தொடங்கிற்று. 45 நிமிடங்களில் 154 பங்குகளில் 40 லட்சம் பரிவர்த்தனைகள் நடந்தேறிவிட்டன. நட்டம் 46 கோடி டாலருக்கும் மேல். அன்று காலை 8 மணி தொடங்கியே பவர் பெக் பெயரைக் குறிப்பிட்டு 97 மின்னஞ்சல்கள் நிறுவனத்துக்குள் தாமாகவே வந்து விழுந்திருந்தன. அவற்றை ஓர் எச்சரிக்கையாக எவரும் எடுத்துக்கொள்ளவில்லை. இன்னொன்றையும் கேளுங்கள். பரபரப்பில் அவர்கள் செய்த ஒரு சிகிச்சை, சரியாக இருந்த ஏழு சர்வர்களிலிருந்து புதிய நிரலை எடுத்துவிட்டதுதான்! எட்டும் இப்போது ஒன்றுபோலாயின. எட்டும் தவறு செய்யத் தொடங்கின. வெளியார் பணம் போட்டுக் காப்பாற்றிய அந்நிறுவனம் அடுத்த ஆண்டே வேறொரு நிறுவனத்துடன் இணைந்துபோயிற்று. அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2013 அக்டோபரில் 1 கோடியே 20 லட்சம் டாலர் அபராதமும் விதித்தது.

இனிப் பாடம். கணிப்பொறியின் ‘அமைவு’ என்றால் யாது? எந்த இயக்க முறைமை, அதில் எந்தெந்த மென்பொருள், ஒவ்வொன்றிலும் எந்தப் பதிப்பு, யார் யாருக்கு உள்ளே நுழைய உரிமை, எந்தக் கதவு திறந்திருக்கலாம், எது மூடியிருக்க வேண்டும், கடிகாரம் எங்கிருந்து நேரம் பெறுகிறது – இவையெல்லாம் சேர்ந்ததே அமைவு. ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்துக் கான்ஃபிகரேஷன் என்பார்கள். கடிகாரம் என்றதும் சிரிக்காதீர்கள். ஒரு ஜவுளிக் கடையின் இரண்டு சர்வர்களில் நேரம் இரண்டு நிமிடம் முன்பின்னாக இருந்தால், 104-ஆம் எண் பில் 103-ஆம் எண் பில்லுக்கு முன்னரே போடப்பட்டதாகக் கணக்கில் ஏறும். தணிக்கையாளர் கேட்கும்போது விடை சொல்ல முடியாது.

சர்வர்களை முதலில் ஒன்றுபோலவே அமைத்தாலும் அவை அப்படியே இருப்பதில்லை. நள்ளிரவில் ஒரு சர்வர் படுத்துவிடும். பணியில் இருப்பவர் ஏதோ ஒரு வரியை மாற்றி அதை எழுப்பிவிடுவார். காலையில் குறிப்பேட்டில் எழுத மறப்பார். இப்படி ஆறு மாதம் சென்றால் ஒவ்வொரு சர்வரும் ஒவ்வொரு குணத்தோடு இருக்கும். இதனை நழுவல் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டால், எந்தச் சர்வரில் என்ன இருக்கிறதென்று அறிந்தவர் எவரும் இல்லாமற்போவர்.

‘கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி, எல்லாச் சர்வரிலும் ஓடவிட்டால் போதாதா?’ என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நல்ல கேள்வி. முதலில் எல்லோரும் அப்படித்தான் செய்தனர். இதில் ஒரு குறை உண்டு. விடுதிச் சமையற்கட்டில் குழம்பு கொதிக்கிறது. ‘இரண்டு கரண்டி உப்புப் போடு’ என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறது. மூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக வந்து அட்டையைப் பார்த்து உப்புப் போட்டால் குழம்பு என்னவாகும்? ‘குழம்பில் உப்பு அளவாக இருக்க வேண்டும்’ என்று எழுதியிருந்தால், இரண்டாவது வருபவர் ருசி பார்த்துவிட்டுச் சும்மா போய்விடுவார். முன்னது கட்டளை, பின்னது நிலை. ‘இந்தக் கோப்பில் இந்த வரியைச் சேர்’ என்ற கட்டளை மூன்று முறை ஓடினால் மூன்று வரிகள் சேரும். ‘இந்தக் கோப்பில் இந்த வரி இருக்க வேண்டும்’ என்று சொன்னால் எத்தனை முறை ஓடினாலும் ஒரே வரிதான்.

கணிதத்தில் இப்பண்பைத் தன்னடுக்கு என்று படித்திருப்பீர்கள். –5-இன் மட்டு மதிப்பு 5. அந்த 5-க்கு மறுபடியும் மட்டு மதிப்பு எடுத்தால் அதே 5. எத்தனை முறை எடுத்தாலும் மாறாது. இந்த ஒரு கருத்தின் மேல்தான் நாம் காணப்போகும் கருவிகள் அனைத்தும் நிற்கின்றன. இதை விளங்கிக்கொண்டவளுக்கு மற்றவை வெறும் விவரங்களே.

இத்துறைக்கு வித்திட்டவர் ஓர் இயற்பியலாளர் என்பது வியப்பான செய்தி. மார்க் பர்ஜெஸ் என்ற ஆங்கிலேயர் நார்வே நாட்டின் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் கோட்பாட்டு இயற்பியல் ஆய்வு செய்துகொண்டிருந்தார். அத்துறையின் கணிப்பொறிகள் பல வகையின. ஒவ்வொன்றையும் வெவ்வேறு விதமாகப் பராமரிக்க வேண்டியிருந்தது. அத்தொல்லை தீரவே 1993-இல் சிஎஃப்எஞ்சின் என்ற கருவியை எழுதினார். ஒவ்வொரு கணிப்பொறியிலும் ஒரு சிறு முகவர் நிரல் குடியிருக்கும். இயல்பாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, ‘நான் இருக்க வேண்டிய நிலையில் இருக்கிறேனா?’ என்று தன்னைத்தானே பார்த்துக்கொள்ளும், இல்லையெனில் திருத்திக்கொள்ளும். நம் உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலோடு இதனை ஒப்பிட்டு 1998-இல் அவர் ஒரு கட்டுரையும் எழுதினார். சி மொழியில் எழுதப்பட்டதால் இது மிக இலேசானது. பல்லாயிரம் கணிப்பொறிகளுக்கும் தாங்கும். ஆனால் கற்பதற்கு எளிதன்று. சிறு நிறுவனங்கள் இதன் பக்கம் அதிகம் போகாததற்கு அதுவே காரணம் என்று எண்ணுகிறேன்.

அடுத்து வந்தவற்றின் பெயர்களைக் கேட்டால் கணிப்பொறி அறையிலிருந்து சமையற்கட்டுக்கும் பொம்மலாட்டத்துக்கும் போய்விட்டோமோ என்று தோன்றும். பப்பெட், ஷெஃப், சால்ட்! பாட்டிமார் யாரேனும் இதைப் படித்தால், பேத்தி என்ன படிக்கிறாள் என்று திகைக்கக்கூடும்.

பப்பெட்டை லூக் கேனிஸ் என்பவர் 2005-இல் வெளியிட்டார். இதற்கெனத் தனி மொழி ஒன்று உண்டு. அதில் நிலைகளை மட்டுமே எழுதுவோம். எதை முதலில் செய்வது என்பதை, நாம் குறித்த சார்புகளைப் பார்த்து அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். நடுவில் ஒரு தலைமைச் சர்வர். மற்ற சர்வர்களில் உள்ள முகவர்கள் இயல்பாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை தலைமையிடம் வந்து, தம் நிலையைச் சொல்லி, இருக்க வேண்டிய நிலையின் பட்டியலைப் பெற்றுச் செல்லும். ஆகவே ஒருவர் நள்ளிரவில் செய்த திருட்டுத்தனமான மாற்றம் அரைமணிக்குள் தானே அழிந்துவிடும். நழுவலைத் தடுப்பதில் இதற்கு நான் முதல் மதிப்பெண் தருவேன். வங்கி போன்ற, தணிக்கைக்கு அஞ்சும் நிறுவனங்கள் இதை விரும்புவதில் வியப்பில்லை.

ஷெஃப் 2009 தொடக்கத்தில் ஆடம் ஜேக்கப் குழுவினரிடமிருந்து வந்தது. இதில் எழுதும் கோப்புகளுக்குச் சமையற்குறிப்பு என்றும், அவற்றின் தொகுப்புக்குச் சமையற்புத்தகம் என்றும், இயக்கும் கருவிக்குக் கத்தி என்றும் பெயர். பப்பெட்டுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு முக்கியமானது. ஷெஃப் குறிப்புகள் ரூபி என்ற நிரல் மொழியிலேயே எழுதப்படுகின்றன. எழுதிய வரிசையிலேயே நடக்கும். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு இது சுதந்திரம், தெரியாதவர்களுக்குச் சுமை. ஃபேஸ்புக் போன்ற, பொறியாளர் நிறைந்த நிறுவனம் இதைத் தேர்ந்ததும், மூன்று பேர் மட்டும் உள்ள கடை அலுவலகம் இதைக் கண்டு பின்வாங்குவதும் ஒரே காரணத்தால்தான்.

2011-இல் தாமஸ் ஹாட்ச் வெளியிட்ட சால்ட்டின் சிறப்பு விரைவு. தலைமைச் சர்வரும் அதன் கீழுள்ள முகவர்களும் எப்போதும் தொடர்பிலேயே இருப்பதால், ஆயிரம் சர்வர்களுக்கு ஒரு செய்தியைச் சொன்னால் சில நொடிகளில் விடை வரும். ‘இந்தப் பழுதுள்ள பதிப்பு எந்தெந்தச் சர்வரில் இருக்கிறது?’ என்று கேட்டு உடனே பட்டியல் பெறுவது, அவசர காலத்தில் எவ்வளவு பெரிய உதவி! இது பைத்தான் மொழியில் எழுதப்பட்டது.

அன்சிபிளை 2012-இல் மைக்கேல் டிஹான் வெளியிட்டார். அர்சுலா லெ குவின் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1966-இல் எழுதிய நாவலில், எவ்வளவு தொலைவிலும் நொடியில் செய்தி சேர்க்கும் கற்பனைக் கருவிக்கு வைத்த பெயர் அது. இதில் முகவர் நிரலே கிடையாது. சர்வர் நிர்வாகிகள் தொலைவிலிருந்து நுழைவதற்கு வழக்கமாகப் பயன்படுத்தும் எஸ்எஸ்ஹெச் வழியாகவே நுழைந்து, வேலையை முடித்துவிட்டு வெளியே வந்துவிடும். சர்வரில் பைத்தான் இருந்தால் பெரும்பாலும் போதும். எழுதுவது யாமல் என்ற எளிய வடிவில். கடைக்கு எழுதும் மளிகைப் பட்டியல் போலவே இருக்கும். காலையில் நிறுவிப் பிற்பகலில் பயன்படுத்தலாம்.

குறை இல்லையா? உண்டு. இங்கே மேலிருந்து ஆளனுப்பிப் பார்க்கிறோம், அனுப்பினால்தான் பார்க்கும். நாம் ஓடவிடாத வாரத்தில் நழுவியதை அது அறியாது. நேரம் குறித்துத் தானே ஓடும்படி செய்யலாம் என்றாலும் அதை நாம்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். மேலும், இயல்பாக ஒரே நேரத்தில் ஐந்து சர்வர்களைத்தான் கவனிக்கும். இந்த எண்ணை உயர்த்தலாம். எனினும் பல்லாயிரம் சர்வர்களுக்கு சால்ட்டின் விரைவு இதற்கு வராது. யாமல் எளிதென்றேன். அதில் இடது ஓர இடைவெளி ஓர் எழுத்து பிசகினாலும் பொருள் மாறிவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். ஓரம் ஒழுங்காக விட்டு எழுதும் பழக்கமுள்ளவர்களுக்கு இந்தத் துறையில் நல்ல எதிர்காலம் உண்டு!

இக்கருவிகளை ஒப்பிடும்போது விரைவையும் எளிமையையும் மட்டும் பார்ப்பவர் பலர். சாவிக்கொத்து யாரிடம் இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். எல்லாச் சர்வர்களையும் மாற்ற வல்ல ஓர் இடம் இருந்தால், அந்த இடத்தைப் பிடித்தவன் எல்லாவற்றையும் பிடித்தான். 2020 ஏப்ரல் இறுதியில் சால்ட்டின் தலைமைச் சர்வர் நிரலில் கடுமையான ஓட்டை ஒன்று வெளியிடப்பட்டது. கடவுச்சொல் இல்லாமலே அதன் வழியே கட்டளையிட முடிந்தது. திருத்தப் பதிப்பு வெளிவந்திருந்தும், அதைப் போடாதவர்களின் சர்வர்களுக்குள் சில நாட்களிலேயே அந்நியர் நுழைந்தனர். கோஸ்ட் என்ற வெளியீட்டு நிறுவனத்தின் சர்வர்களில் நாணயம் தோண்டும் நிரலை ஏற்றிவிட்டனர். சர்வர்கள் திணறியதால்தான் உடனே தெரிந்தது. தலைமைச் சர்வரை இணையத்தின் நடுத்தெருவில் திறந்து வைக்கக் கூடாது என்பது இதிலிருந்து விளங்கும். அன்சிபிளில் முகவர் இல்லை என்பதால் இந்த ஆபத்து ஒழிந்துவிடவில்லை. அதை இயக்கும் கணிப்பொறியில் எல்லாச் சர்வர்களின் எஸ்எஸ்ஹெச் சாவிகளும் இருக்கின்றன அல்லவா?

உரிமையாளர் யார் என்ற வினாவும் பெற்றோர்களில் வணிகம் செய்வோர்க்குப் பயன்படும். இக்கருவிகளெல்லாம் மூல நிரலைத் திறந்து வைத்து, இலவசமாகத் தொடங்கியவை. இன்று இவற்றில் பெரும்பாலானவை பெரிய நிறுவனங்களின் கையில் இருக்கின்றன. அன்சிபிளை 2015-இல் ரெட் ஹேட் வாங்கியது. ரெட் ஹேட்டை 2019-இல் ஐபிஎம் வாங்கியது. ஷெஃப் 2020-இல் புரோகிரஸ் நிறுவனத்துக்கும், பப்பெட் 2022-இல் பெர்ஃபோர்ஸ் நிறுவனத்துக்கும் போயின. சால்ட் 2020-இல் விஎம்வேரிடம் சென்று, 2023-இல் விஎம்வேரோடு பிராட்காமுக்குச் சென்றது. 2024 இறுதியில் பெர்ஃபோர்ஸ் தன் புதிய பப்பெட் தொகுப்புகளைப் பொதுவில் தருவதை நிறுத்தப்போவதாக அறிவிக்க, பயன்படுத்துவோர் கூடி 2025 தொடக்கத்தில் ஓப்பன்வாக்ஸ் என்ற கிளையைத் தாமே தொடங்கினர். மூல நிரல் திறந்திருந்ததால் அது முடிந்தது. இலவசம் என்ற சொல்லை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர் உரிம விதியையும் ஒருமுறை படிப்பது நலம்.

டெராஃபார்ம் என்ற பெயரையும் இவற்றோடு சேர்த்துச் சொல்வார்கள். அதன் முதல் வேலை வேறு. வீடு கட்டுவது டெராஃபார்ம்; கட்டிய வீட்டுக்குள் பொருள்களை ஒழுங்குபடுத்துவது நாம் மேலே கண்டவை. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவோர் பலர்.

சரி, இருபது முப்பது சர்வர்கள் வைத்திருக்கும் ஒரு மருத்துவமனையோ, நூற்பாலையோ, மூன்று பேர் கொண்ட தன் கணிப்பொறிக் குழுவுக்கு எதைத் தேர்ந்தெடுக்கலாம்? என்னைக் கேட்டால் அன்சிபிளில் தொடங்கலாம் என்பேன். புதிதாகச் சேரும் பெண் ஒரு வாரத்தில் படித்துப் புரிந்துகொள்வாள். அவளுக்கு முன் இருந்தவர் போய்விட்டாலும் வேலை நிற்காது. நூற்றுக்கணக்கில் சர்வர்கள் பெருகி, தணிக்கையும் கடுமையாக இருந்தால் பப்பெட் வகையைக் கருதலாம். ஆயிரக்கணக்கில் இருந்து, நொடியில் விடை வேண்டுமென்றால் சால்ட். புதிதாகத் தொடங்கும் சிறு குழுவுக்கு ஷெஃப் வேண்டாம் என்பது என் கருத்து, மாறுபடுவோரும் உண்டு.

எதைத் தேர்ந்தாலும் அதன் கோப்புகளை கிட் போன்ற பதிப்புக் காப்பகத்தில் வைக்க வேண்டும். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பது அதில் நிலைத்துவிடும். இரண்டாமவர் பார்த்து ஒப்புதல் தந்த பிறகே மாற்றம் ஏற வேண்டும் என்ற விதியையும் அங்கேயே வைக்கலாம். கடவுச்சொற்களை அக்கோப்புகளில் வெளிப்படையாக எழுதக் கூடாது. மறைத்தெழுதுவதற்கு ஒவ்வொரு கருவியிலும் வழி உண்டு.

நைட் கேப்பிடலில் இக்கருவிகளில் ஒன்று ஒழுங்காக இருந்திருந்தால் தப்பியிருக்குமா? எட்டாவது சர்வர் மாறுபட்டு நிற்பதை அது காட்டியிருக்கும். பெரும்பாலும் தானே திருத்தியும் இருக்கும். ஆனால் எல்லாவற்றுக்கும் அது விடையன்று. இங்கே மாணவியர் பலர் தவறாக எண்ணும் ஒரு நுட்பம் உண்டு. நிலைப் பட்டியலில் ‘இந்த மென்பொருள் இருக்க வேண்டும்’ என்றொரு வரி இருக்கிறது. பின்னர் அது வேண்டாமென்று அவ்வரியை அழித்துவிடுகிறோம். சர்வரிலிருந்து மென்பொருள் போய்விடுமா? போகாது! கருவி அதைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்திவிடும், அவ்வளவே. நீக்க வேண்டுமாயின் ‘இது இருக்கக் கூடாது’ என்று எழுதி ஒருமுறை ஓடவிட வேண்டும். பழைய பவர் பெக் போன்றவை இப்படித்தான் மூலையில் தங்கிவிடுகின்றன.

மற்றொன்று. ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை எடுத்தபோது எட்டும் ஒன்றுபோலாயின என்றேன். ஒன்றுபோல் இருத்தல் வேறு. சரியாக இருத்தல் வேறு. தவறான வரி ஒன்றை எழுதினால், இக்கருவி அதை எல்லாச் சர்வர்களுக்கும் மிக ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதனால்தான் எதையும் மாற்றாமல் ‘மாற்றினால் என்ன நடக்கும்’ என்று மட்டும் சொல்லும் ஒத்திகை முறை இவற்றில் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு சர்வரில் முதலில், பிறகு இரண்டில், பிறகு மற்றவற்றில் என்று சிறு சிறு தொகுதியாக ஏற்றவும் முடியும்.

விடுமுறையில் செய்து பார்க்க விரும்புவோர்க்கு: லினக்ஸ் உள்ள பழைய கணிப்பொறிகள் இரண்டு போதும். ஒன்றில் அன்சிபிளை நிறுவுங்கள். மற்றொன்றில் ஒரு கோப்பும் ஒரு பயனர் கணக்கும் இருக்க வேண்டும் என்று ஐந்தாறு வரிகள் எழுதி ஓடவிடுங்கள். மாறியவை எத்தனை என்று கடைசி வரியில் எண் வரும். உடனே இரண்டாம் முறை ஓடவிடுங்கள்; இப்போது அந்த எண் 0 என்று வர வேண்டும். பிறகு உங்கள் தம்பியை விட்டு, உங்களுக்குத் தெரியாமல் அந்தக் கோப்பில் ஏதேனும் ஒன்றை மாற்றச் சொல்லி, மூன்றாம் முறை ஓடவிட்டுப் பாருங்கள்.